தொடர்ந்து பயன்படுத்தலாம்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நம் ஆட்கள் சுலபத்தில் நம்ப மாட்டார்கள். கிஃபாயத்துல்லா பாயும் அப்படித்தான். நீங்கள் அவரை விசாரித்தபோது கவனித்திருப்பீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, எதையும் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

பழவேற்காட்டிலிருந்து வந்து காக்களூர் தொழிற்பேட்டையில் பிரஷர் குக்கர் கம்பெனி வைத்தவர் அவர். நான் அங்கே சூப்பர்வைசர். 2006-ல் பாய்க்கு ஓர் எண்ணம் வந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இணையத்திலேயே குக்கர் வாங்கி அனுப்ப ஒரு கடை திறந்தால் என்ன என்று. அதைப் பார்த்துக்கொள்ளக் கவிப்பிரியாவை வேலைக்கு எடுத்தார். ஆரணிக்காரப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள்.

கடை நடத்துகிற மென்பொருளை ஒரு கம்பெனியிடம் பணம் கட்டி வாங்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்று இலவசமாகவும் கிடைக்கும். எதை எடுப்பது என்று பாயின் அறையில் பேச்சு நடந்தது.

“வாங்குறதே நல்லது பாய்,” என்றாள் கவிப்பிரியா. “எல்லாம் அவங்க சர்வர்லயே இருக்கும். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் எழுதினா நேரா உங்க மெயிலுக்கு வந்துரும். நடுவுல யாரும் கை வெக்க முடியாது.”

பாய் என் பக்கம் திரும்பினார். “இன்னா மணவாளா, நீ இன்னா சொல்றே?”

“ஓப்பன் சோர்ஸே போதும் பாய். புரோகிராம் முழுக்க நம்ம கையில இருக்கும். வேண்டிய மாதிரி மாத்திக்கலாம். நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் மூடிக்கினு போய்ட்டான்னா நம்ம கடை இன்னா ஆவுறது?”

“சும்மா குடுக்கிறவன் எதுக்குடா குடுக்கிறான்?”

“ஊர் உலகத்துல இருக்கிறவங்க சேர்ந்து எழுதுறாங்க பாய். ஒருத்தன் தப்பு பண்ணா இன்னொருத்தன் கண்டுபுடிச்சிடுவான்.”

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வேறு யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் கை வைக்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னாளே, அதைக் கேட்டுத்தான் நான் ஓப்பன் சோர்ஸ் பக்கம் நின்றேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். குக்கர் மூடியில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். விசில் துவாரம் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடு ஏறும். அப்போது அந்த வால்வில் இருக்கும் உலோகம் உருகி, ஆவி வெளியே போக வழிவிடும். புது வால்வுகள் வந்தால் அவற்றில் சிலவற்றைக் காய்ந்த எண்ணெயில் போட்டு, உருகுகிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேச்சுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு தடவை மூடி பொருத்துகிறவர்கள் வேலையில்லாமல் காத்திருந்தார்கள். பார்க்காமலே போட்டுவிட்டேன். மனசு கேட்காமல் பிறகு ஒருநாள் அந்த வால்வுகளை எண்ணெயில் போட்டேன். ஒன்றுகூட உருகவில்லை. அதற்குள் அவை குக்கர்களில் ஏறி, பெட்டிக்குள் போயிருந்தன.

அன்றைக்குப் பிடித்த பயம் ஐயா. பாய் கத்துகிற ஆள் இல்லை. இத்தனை வருஷமாக என்னை நம்பியவர் இனி நம்பாமல் பார்ப்பாரே என்ற பயம்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன்.

கவிப்பிரியா ஓப்பன் சோர்ஸில் கடையை நன்றாகவே அமைத்தாள். எனக்கும் கொஞ்சம் புரோகிராம் தெரியும். திருவள்ளூரில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் புகார் பகுதியைத் திறந்து சில வரிகள் சேர்த்தேன். வால்வு, மூடி, வெடிப்பு என்று எந்த மொழியில் எழுதினாலும் அந்தப் புகார் பாய்க்குப் போகாது, எனக்கு மட்டும் வரும். எழுதியவருக்கு உடனே ஒரு பதில் போகும்: ‘தங்கள் புகார் பரிசோதிக்கப்பட்டது. குக்கரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.’ வாடிக்கையாளரைக் காக்க வைக்கக் கூடாது என்று பாய் அடிக்கடி சொல்வார்.

முதல் புகார் சேலத்திலிருந்து வந்தது. மூடி பறந்து கூரையில் மோதியதாம், யாருக்கும் காயமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அதைப் பெரிதாக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அன்று மாலையே என் வீட்டில் இருந்த நம் கம்பெனி குக்கரை எடுத்துச் சுத்தியால் நசுக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். “இன்னாத்துக்கு நல்ல குக்கரைப் போட்டு ஒடைக்கிறே?” என்று என் மனைவி கனகாம்பாள் கேட்டாள். வடித்த சோறுதான் உடம்புக்கு நல்லது என்றேன்.

குடோனில் மீதி இருந்த பெட்டிகளையும் அனுப்பினோம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். மெயில் வருகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் திறந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டில் விசில் அடித்தால் வாசலுக்கு வந்து நின்றுகொள்வேன். இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

எளாவூர் பூவம்மாளுக்கு அவர் தம்பி பாக்கியநாதன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய குக்கரும் அந்த வால்வோடு போனதுதான். அது வெடித்து அந்த அம்மா இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் செல்விக்கு இனிமேல் ஒரு கண்தான் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து பாய்க்கு போன் செய்தார். பாய் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கவிப்பிரியாவைக் கூப்பிட்டார்.

“அந்த ஆளு எழுதிக்கினே இருந்தேன்றாரு. எனக்கு ஒண்ணுகூட வர்லியே, ஏம்மா?”

அவள் அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். போயிருக்கலாம். போகவில்லை. அவள் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

“பாய், இதை நான் எழுதல.”

“நான்தாம்மா எழுதினேன்,” என்றேன்.

அவள் நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் ஏதோ செய்துவிடுவேன் என்பதுபோல. என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை. பாய் என் அருகே வந்தார். “ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கினு இருப்பேனே மணவாளா. உன்னைய இன்னாடா பண்ணியிருக்கப் போறேன்?” என்றார். அவர் அப்படியே செய்திருப்பார். இப்போது அது புரிகிறது.

கடைசியாக நீங்கள் கேட்டது, பூவம்மாளின் குக்கருக்காகப் போன பதிலும் மென்பொருள் தானாக அனுப்பியதுதானா என்று. ஆம் என்றால் வழக்கில் எனக்குக் கொஞ்சம் நல்லது என்று வக்கீல் சொன்னார். ஆனால் உண்மை அது இல்லை. முதலில் போனவை தானாகப் போனவை. பாக்கியநாதன் கடைசியாக எழுதியதில் ஒரு விஷயம் இருந்தது. விசில் வராமல் மூடி ஒரு பக்கம் உப்புகிறதாம், அடுப்பில் வைக்கவே அக்கா நடுங்குகிறாராம், ஒரு மனுஷர் பார்த்துப் பதில் எழுதினால் அக்கா நம்புவார் என்று கேட்டிருந்தார்.

அதை நான் பலமுறை படித்தேன். பிறகு என் கையாலேயே தட்டச்சு செய்தேன்: ‘அக்காவைத் தைரியமாகச் சமைக்கச் சொல்லுங்கள். நானே பார்த்துவிட்டேன்.’

பயத்தோடு ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும் ஐயா. பாவம், அந்த அம்மாவாவது பயமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.