ஆடிக் காற்றில் ஆறு பொட்டுகள்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் வளையல் கடையில் ஒட்டுப் பொட்டு அட்டை பத்து ரூபாய்தான். அலுவலகக் கூட்டங்களுக்கு இதைவிட உருப்படியான சாமானை நான் பார்த்ததில்லை. உங்கள் போலீஸ் துறையிலும் முயன்று பாருங்கள் இன்ஸ்பெக்டர் மேடம்.

தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் ஆனந்தன். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவர்களுக்காக எங்கள் நிறுவனம் 'துணை' என்று ஒரு மென்பொருள் செய்கிறது. நிரலை அதில்தான் எழுதுவார்கள், திருத்துவார்கள், அதிலிருந்துதான் இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். ஏடாகூடமாக எழுதினால் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து கத்தும். துணையில் அடுத்து என்ன வசதி சேர்க்கலாம் என்று திட்டம் போடுவது என் வேலை.

அந்தச் சிவப்புப் பெட்டிதான் எல்லாருக்கும் தலைவலி. தொட்டதற்கெல்லாம் வரும், ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். மறைமலைநகரில் இரும்புத் தகட்டை அச்சால் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறைக்கு நிரல் எழுதும் பாலா போனில் புலம்பினான்: "பேஜாரா கீது சார். நான் வேலைய பாக்கறதா, இந்தப் பொட்டிய மூடிகினே இருக்கறதா?" அடுத்தவர் குறையைக் கேட்டால் எனக்கு மனசு தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன ஆடியில், எங்கள் குழு எட்டுப் பேரும் நெம்மேலி தாண்டிக் கடலோரத்தில் ஒரு வீட்டை ஒரு நாளைக்கு எடுத்தோம். எங்கள் வழக்கம் இதுதான். சேர்க்க வேண்டிய வசதியை ஆளுக்கொரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். தலைக்கு மூன்று பொட்டு. பிடித்த சீட்டில் வைக்கலாம். அதிகப் பொட்டு விழுந்த சீட்டுக்கு முதல் மரியாதை. பெரியவர், நேற்று வந்தவர் என்ற பேதமே கிடையாது. இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான் என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு.

என் சீட்டில் இருந்தது எளிமையான யோசனை. 'இனிமேல் காட்டாதே' என்று ஒரு கட்டம். அதை ஒரு முறை தட்டினால் போதும், சிவப்புப் பெட்டி எதுவும் மறுபடி எட்டிப் பார்க்காது.

அடுத்த சீட்டு ஹம்னாவுடையது. சதுரங்கப்பட்டினத்துப் பெண். நாங்கள் செய்கிற மென்பொருளைச் சோதித்து ஓட்டை கண்டுபிடிப்பவள். "நான் வெக்கிற ஒரே பொட்டு இதுதான்" என்று ஒவ்வொரு வருடமும் சிரித்துக்கொண்டே ஒட்டுவாள். இந்த முறை இப்படி எழுதியிருந்தாள்: 'மற்றதையெல்லாம் மூடட்டும். கைக்காவல் பெட்டியை மட்டும் யாராலும் மூட முடியாதபடி வையுங்கள்.' பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான் உண்டு மேடம். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது. அந்த ஏற்பாட்டை நிரலில் யாராவது எடுத்துவிட்டால் கத்துவதுதான் கைக்காவல் பெட்டி.

நல்ல யோசனைதான். ஆனால் மூன்று வாரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆயுத பூஜைக்குப் புதுப் பதிப்பு வரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கடலில் கால் நனைக்கப் போனார்கள். நான் சுவரை எண்ணினேன். ஹம்னாவுக்கு ஒன்பது பொட்டு, எனக்கு ஐந்து. அவள் சீட்டிலிருந்து ஆறு பொட்டை நகத்தால் எடுத்து என் சீட்டில் ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. எது யார் வைத்தது என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணா, என்னோடதுல நிறைய இருந்துச்சே?" என்றாள் ஹம்னா, திரும்பி வந்ததும்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். பொட்டு பறக்காதாம்மா?"

"பறந்து போய் உங்க சீட்டுலயா உக்காரும்?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. நான் சுவரைப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று புதுப் பதிப்பு வந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்த பிரஸ்ஸைப் படம் எடுத்து பாலா அனுப்பினான். 'இப்பதான் சார் நிம்மதி' என்று எழுதியிருந்தான். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

தை மாதம், வேகத்தைச் சோதிக்க பாலா ஒரே பொத்தானில் அச்சு இறங்கும்படி நிரலை மாற்றினான். திருப்பி மாற்ற மறந்துவிட்டான். பெட்டி கத்தவில்லை. மறுநாள் காலை ஷிப்டில் கன்னியம்மா என்ற ஒப்பந்தத் தொழிலாளி, இடது கையைப் பொத்தானில் வைத்தபடி வலது கையால் தகட்டைச் சரி செய்தாள். மணிக்கட்டு வரை போய்விட்டது.

"முன்ன அதுவே கத்தும் சார். அந்தத் தெகிரியத்துலயே இருந்துட்டேன்" என்று பாலா அழுதான். அவனைத் தேற்றினேன்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போனேன். "இன்னா சார் பண்றது, ரெண்டாவது பட்டன தட்டங்காட்டியும் எறங்கிடுச்சி" என்றாள் கன்னியம்மா. ஒரு கையால் போன் பயன்படுத்துவது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "கட்ட வெரலு எட்ட மாட்டேங்குது சார்" என்றாள். குறித்துக்கொண்டேன்.

நிறுவனம் பொறுப்பாளி யார் என்று கேட்டது. சுவரின் படத்தில் என் சீட்டு இருக்கும் பாதியைக் கொடுத்தேன். குழு முடிவு செய்தது, சோதித்து அனுப்பியது ஹம்னா, ஆபத்து அவள் கண்ணில் படவில்லை என்றேன். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். உங்கள் கோப்பிலும் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது. போகும்போது, "அந்தச் சீட்டு எங்கிட்டதான் இருக்குண்ணா" என்றாள். ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

நேற்று அதை நீங்கள் மேசைமேல் வைத்தீர்கள். மூன்று பொட்டு. பக்கத்தில் ஆறு வெற்று வட்டம், பசையில் ஒட்டிய கடல்மணலோடு. பத்து ரூபாய்ப் பொட்டில் இவ்வளவு நல்ல பசை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எடுத்தவன் நான். ஹம்னாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்படி ஆகும் என்று தெரியாமல் செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரியும். அதற்கு முந்தின ஆனியில் பாலாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: 'நேத்து ஒரு பட்டன்ல ஓட வெக்கப் பாத்தேன் சார். உங்க பொட்டி கத்தி நிறுத்திச்சு. இல்லன்னா நம்ம கன்னியம்மா அக்கா கை போயிருக்கும்.' நன்றி என்று பதில் போட்டு, அதைப் 'பாராட்டுகள்' என்ற கோப்பில் சேர்த்துவைத்தேன். பொட்டை எடுக்கும்போது அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது.

தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. வீணாக்குவானேன் என்று துணையின் அடுத்த பதிப்புக்கு ஒரு வசதியை வரைந்திருக்கிறேன். ஒற்றைக் கை முறை. பொத்தான்கள் எல்லாம் கட்டை விரலுக்கு எட்டும். கன்னியம்மாவை மனதில் வைத்துத்தான் செய்தேன், அவள் சந்தோஷப்படுவாள். சட்டைப்பையில் அட்டை இருந்தது, என் பங்குக்கு மூன்று பொட்டும் வைத்துவிட்டேன். அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். சோதிக்க மட்டும் ஹம்னாவையே கூப்பிடச் சொல்லுங்கள் மேடம். அவள் கண்ணில் எதுவும் தப்பாது.