ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பயந்த டீச்சர்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள். இளையவர் சொன்னார்:

"ஏழாவது படிக்கற புள்ளை ஒருத்திய நெனச்சாலே பயமா இருக்குதுங்க அக்கா."

"ஏனுங்க டீச்சர்?"

"இங்கிலீஷ்ல 'பாரோ'ன்னா இரவல் வாங்கறது, 'லெண்ட்'னா குடுக்கறது. நான் மாத்திச் சொல்லிக் குடுத்துப்போட்டேனுங்க. அவ ஒருத்திதான் சரியா எழுதுனா. அவளை நிக்க வெச்சு, நான் சொன்ன தப்பையே அம்பது தடவை எழுத வெச்சனுங்க."

"இப்பவாச்சும் உண்மையச் சொல்லிப்போடுங்க."

"இன்னைக்குச் சொன்னனுங்க, 'சாமி, நீ எழுதுனதுதான் சரி'ன்னு. கையைக் கட்டிக்கிட்டு, 'இல்லீங்க மிஸ், நீங்க சொன்னதுதான் சரிங்க'ங்கறா. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் அதேதானுங்க."

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்ல ஆபீசரு இதையே அவளைக் கேட்டா?"

இளையவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பவும் என்ற மூஞ்சியத்தான் பாப்பாளுங்க."