கடைசி வீட்டுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி

ஏலத்தோட்டத்தில் இருப்பவர்கள் யாரும் பால் சேர்க்காத கட்டன் சாயாவில் ஏலக்காய் போடுவதில்லை, சார். பகலெல்லாம் அந்த வாசனையிலேயே கிடப்பதால் அலுத்துவிடும். சுருளியம்மாள் அக்கா இஞ்சி தட்டிப் போடுவாள். விடிந்ததும் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து, நான் இருக்கும் கேமரா அறைக்கு ஏறிவந்து ஒரு கிளாஸ் தருவாள். நான் கேட்டதில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சாந்தன்பாறைக்கு மேலே அந்த லயத்தில் ஆறு வீடுகள். வீட்டுக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு கேமரா. கேமராவில் யானை தெரிந்தால் அந்த வீட்டு போனுக்கு மிஷின் அழைக்கும். "ஆனை பக்கத்துல நிக்குது, வெளிய வராதீங்க" என்று அதில் வருவது என் குரல்தான். கம்பங்களை நட்டது பிஜு சேட்டன். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதியதும், ராத்திரி கண்விழித்துத் திரையைப் பார்ப்பதும் நான். போடியில் இஞ்சினியரிங் பாதியில் விட்டவனுக்கு அதுவே பெரிய காரியம்.

சில ராத்திரி காட்டுப்பன்றி வந்தாலும் மிஷின் கூப்பிட்டுவிடும். அப்படி அதிகம் எழுந்தது இரண்டாவது வீட்டுப் பாண்டியண்ணன். ஒருநாள் காலை மஸ்டரில் ஆள் எடுக்கும்போது, எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இஞ்சினியரே, நேத்து பன்னிக்கும் போன் போட்டு வரச் சொன்னியா?"

"மிஷினு அப்படித்தாண்ணே, கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

"மிஷினச் சொல்லாத. பன்னிக்கும் ஆனைக்கும் வித்தியாசம் தெரியாதவன் எழுதுனா அது என்ன செய்யும்? காலேஜுல இதத்தான் பாதி படிச்சியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள்.

ஒரு ராத்திரி பாண்டியண்ணன் யானையை நேருக்கு நேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

போன் எண்கள் ஒரு பட்டியலில் வரிசையாக இருந்தன. இரண்டாவது எண்ணை அழித்து அந்த இடத்தை வெறுமையாக வைத்திருக்கலாம். மற்ற வீடுகள் அதனதன் இடத்தில் இருந்திருக்கும். ஆனால் எண் இல்லாத வீட்டுக்குத் திரையில் சிவப்புப் புள்ளி வரும். பிஜு சேட்டன் தினமும் சாயங்காலம் எட்டிப் பார்ப்பார். அதனால் அந்த இடத்தைத் துண்டாக வெட்டி, அதில் ஒன்றுமில்லாததை வைத்தேன். பைத்தானில் அப்படிச் செய்தால் பட்டியல் ஒன்றும் சொல்லாது. சுருங்கிக்கொள்ளும். பின்னால் நிற்பவை ஓரடி முன்னால் வந்துவிடும். மூன்றாம் வீட்டு எண் இரண்டாம் இடத்துக்கு வரும், நான்காவது மூன்றுக்கு வரும்.

புரோகிராமின் அடுத்த வரி அப்படி விடாது. அங்கே பட்டியலைப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஆறு வீடு, ஐந்து எண். கணக்கு ஒரு எண் பிசகினாலும் புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிடும். அந்தக் கண்டிப்புக்காகத்தான் முதலில் அப்படி எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியில் கடைசி வீட்டின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். நட்சத்திரம் போட்ட பெயர் மிச்சம் எதுவோ அதை வாங்கிக்கொள்ளும். மிச்சம் இல்லையென்றால் வெறுங்கையாக நிற்கும், புகார் சொல்லாது. சிவப்புப் புள்ளி ஆறாவது வீட்டுக்குப் போனது. அந்த வரி திரையின் அடியில் மறைந்திருக்கும். உருட்டினால்தான் தெரியும். பிஜு சேட்டன் உருட்ட மாட்டார்.

ஆறாவது வீடு யாருடையது என்று எனக்குத் தெரியும், சார். யானை அந்தப் பக்கம் இறங்கியதே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் அக்கா கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "முன்ன எல்லாம் கதவத் தொறக்கவே பயமா இருக்கும்டா தம்பி. இப்ப நீ கூப்பிடலன்னா ஆனை இல்லன்னு அர்த்தம். தைரியமா போறேன்." நான் சாயாவைக் குடித்தேன்.

மூடுபனி விலகாத விடியலில் ஆறாவது கம்பத்தின் கேமராவில் யானை தெரிந்தது. மிஷின் ஆறாவது பெயரில் எண்ணைத் தேடியது. எதுவும் இல்லை, விட்டுவிட்டது. அக்கா தண்ணீருக்குக் குடத்தோடு வெளியே வந்தாள்.

ஆட்கள் கூடுவதற்குள் பட்டியலைப் பழையபடி ஆக்கி, நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டேன். தூங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஜீப் வரை இறங்கியது பாண்டியண்ணன்தான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு திரும்பி வந்து, என்னை அடிக்க வந்தவர்களை அவரே தடுத்தார். "விடுங்கப்பா. சின்னப் பய, அசந்துட்டான். கம்பம் வேல செய்யாததுக்கு அவன் என்ன செய்வான்?"

கம்பம் வேலை செய்யவில்லை என்று பிஜு சேட்டனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை அனுப்பிவிடுங்கள். கம்பம் நன்றாகத்தான் வேலை செய்தது.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வருவதற்கு முன் அக்கா வாசலில் நின்றதைத் திரையில் பார்த்தேன். போனை எடுத்துப் பார்த்தாள். பிறகுதான் குடத்தை இடுப்பில் வைத்தாள். யானை அப்போது கம்பத்தை ஒட்டி நின்றது. அவள் எண் எனக்கு மனப்பாடம். போன் என் கையில்தான் இருந்தது. நான் கூப்பிட்டால், மிஷின் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள்.

நான் தூங்கவில்லை, சார்.