மடக்கு சீட்

மாலை ஆறரை மணி. மழை பிடித்துவிட்டது. மலைமேல் ஏறும் ரோட்டில் ஒரே ஒரு டூரிஸ்ட் பஸ். உள்ளே டிரைவரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. உலகமே மலையை விட்டு இறங்குகிற நேரத்தில் இவர் மட்டும் ஏறுகிறார்... ஏன் என்று சொல்கிறேன். முதலில் அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள். போர்வையை ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

அந்த டிரைவர் என் நண்பனின் தாய்மாமன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண் காது மூக்கு வைக்கிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது.

மாமா ஒண்டிக்கட்டை. பெண் பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது. மாடியில் ஒற்றை அறை. ராத்திரி வந்தாரா, சாப்பிட்டாரா என்று கேட்க நாதி இல்லை. எப்போதாவது அக்காவிடமிருந்து போன் வரும். "நல்லாருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவார். உச்சுக்கொட்டாதீர்கள், அது அவருக்குப் பிடிக்காது.

ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் வேலை. முன்பெல்லாம் கூடவே கைடு ஒருவர் வருவார். அவருக்கென்று டிரைவருக்குப் பக்கத்தில், படியை ஒட்டி, ஒரு மடக்கு சீட் உண்டு. ஆள் உட்கார்ந்தால் கீழே நிற்கும். எழுந்தால் ஸ்பிரிங் இழுத்து... 'டப்'. பின்னாலுள்ள பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி கைடை நிறுத்திவிட்டார். அப்புறம் வண்டி ஓட்டுவதும் மாமா, மைக்கில் "வலது பக்கம் பாருங்க, அருவி" என்பதும் மாமா.

கிளம்பும்போது அவர் தலை எண்ண மாட்டார். எண்ணி முடிப்பதற்குள் ஒருவர் பாத்ரூம் என்பார், இன்னொருவர் தண்ணீர் பாட்டில் என்பார். அதனால் மைக்கில் ஒரே கேள்விதான்.

"அவங்கவங்க பக்கத்து சீட்டைப் பாருங்க. ஆள் வந்தாச்சா?"

புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான். அம்மா பிள்ளையைப் பார்ப்பாள். "வந்தாச்சு" என்று மொத்த வண்டியும் சொல்லும். கதவு 'புஸ்'ஸென்று மூடும். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தார் என்ற பேச்சே கிடையாது.

அன்றைக்குக் கடைசி சீட்டில் ஒரு பெரியவர். தனி டிக்கெட். பக்கத்து சீட் காலி. அருவிப் பக்கம் எல்லோரும் சேர்ந்து சேர்ந்து போட்டோ எடுக்கிறார்கள், இவர் மட்டும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாமா தானாகப் போய் அவருடைய போனை வாங்கி ஒரு போட்டோ எடுத்தார்.

"யாருக்கு சார் அனுப்பணும்?"

"யாருக்கும் இல்ல தம்பி. சும்மாதான்."

மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக மலை உச்சி. அங்கிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். மேகம் இறங்கியது, தூறல் போட்டது. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்கள். கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிப் போயிற்று. மாமா மைக்கை எடுத்தார். வழக்கமான கேள்வி. வழக்கமான "வந்தாச்சு". 'புஸ்'... வண்டி இறங்கிவிட்டது.

புரிகிறதா? பெரியவருக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. அவர் வரவில்லை என்று சொல்ல அந்த வண்டியில் ஒருவரும் இல்லை.

அடிவாரத்தில் லாட்ஜ் வாசலில் கூட்டத்தை இறக்கிவிட்டு, ஜன்னல்களைச் சரிபார்த்துக்கொண்டே மாமா பின்னால் போனார். கடைசி சீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. கூடு மட்டும். லாட்ஜில் கேட்டார். அப்படி ஒருவர் இறங்கவே இல்லை என்றார்கள். பெரியவரின் போன் நம்பரும் இவரிடம் கிடையாது.

வண்டியைத் திருப்பினார்.

வைப்பர் 'கிறீச்... கிறீச்' என்று தேய்க்கிறது. டீசல் நாற்றம். எதிரில் ஒரு வண்டி இல்லை. மேலே கடைகள் மூடியிருக்கும். அந்தக் குளிரில் வயசான மனுஷன் என்ன ஆனாரோ... இருட்டில் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்திருந்தால்? தனியாக இருப்பவனின் கஷ்டம் தெரிந்த தனக்கே அவரைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் ஓட்டினாராம்.

உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே சிமெண்ட் பெஞ்ச். ஹெட்லைட் வெளிச்சம் போய் விழுந்தது. பெரியவர் இருந்தார், உயிரோடு. நீளமான பெஞ்சில் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

மாமா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்க சார். பெரிய தப்பு நடந்துபோச்சு."

"பரவாயில்ல தம்பி. வந்துட்டீங்கள்ல."

வண்டிப் படி வரை வந்த பெரியவர் சட்டென்று நின்றார். ஒரு அடி ஒதுங்கினார். ஒரு நிமிஷம் கழித்து ஏறினார். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டார். முன் சீட்டிலேயே அவரை உட்கார வைத்து, தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். வண்டி இறங்கத் தொடங்கியது.

இரண்டு வளைவு தாண்டியபோதுதான் கவனித்தார். மடக்கு சீட் கீழே இருந்தது.

ஸ்பிரிங் மாட்டிக்கொண்டது போல. சரி, அப்புறம் பார்க்கலாம்... ஆனால் ஒரு வாசனை. இப்போதுதான் இஸ்திரி போட்ட துணியின் வாசனை. மழையில் நனைந்த வண்டிக்குள் அது எங்கிருந்து வரும்?

"உங்களுக்கு என்மேல கோவமே இல்லையா சார்?" என்று கேட்டார் மாமா. எதையாவது பேச வேண்டும் போலிருந்தது.

"எதுக்குக் கோவம்? பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இருந்தாங்களே."

"அங்கயா? யாரு சார்?"

"உங்க வீட்டம்மாதான்."

மாமாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பெரியவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார்.

"மறந்துட்டுப் போயிட்டார், தெரிஞ்சதும் ஓடி வந்துடுவார், நீங்க பயப்படாதீங்கன்னாங்க. உங்களுக்காக மன்னிப்புகூடக் கேட்டாங்க. நல்ல மனுஷி. ராத்திரி காலி வண்டியை ஓட்டிட்டுப் போறப்ப நீங்க ஸ்டியரிங்கோட பேசுவீங்களாமே? சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்ல மாமா வாயைத் திறந்தார். ஆனால் ஸ்டியரிங்கோடு பேசுவது உண்மை. பெற்ற அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"வேற... வேற என்ன சார் சொன்னாங்க?"

"பக்கத்துல யாருமே இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்னாங்க." பெரியவர் கொட்டாவி விட்டார். "குடும்பம்னா சண்டை வரத்தான் செய்யும் தம்பி. பேசிடுங்க."

மாமா பக்கவாட்டில் திரும்பவே இல்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். லாட்ஜ் வாசலில் பெரியவர் இறங்கினார். இறங்கியவர் திரும்பி, மடக்கு சீட்டைப் பார்த்துக் கை கூப்பி, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அங்கிருந்து ஷெட்டுக்கு மாமா எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. இஞ்சினை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். தன் பக்கக் கதவைத் திறந்து கீழே குதித்தார். நாலடி நடந்திருப்பார்.

பின்னால் வண்டிக்குள்... 'டப்'.

இதையெல்லாம் மாமா வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அக்காவின் போனை மட்டும் எடுப்பதில்லை. எதற்கும் பார்த்துவிட்டு வா என்று அம்மா அனுப்ப, போன வாரம் என் நண்பன் அந்த மாடி அறைக்குப் போனான்.

மாமா முன்பைவிடத் தெளிவாக இருந்தாராம். கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை அவராகவே சொன்னார். பாவம், இப்படித் தனியாகக் கிடந்து இந்த மனுஷன் என்ன ஆகிவிட்டார் என்று நண்பன் எழுந்துபோய், கட்டிலில் அவரோடு ஒட்டி உட்காரப் பார்த்தான்.

மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"அங்க வேணாம்டா. இந்தப் பக்கம் வந்து உக்காரு."

அவன் குனிந்து பார்த்தான். மாமாவுக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.