புரோசஸர் மட்டும்தான்

கதை எழுதும் தகுதி எனக்கு இருப்பதாக நான் எண்ணியதில்லை. முதன்முறையாகத் துணிந்துவிட்டேன், வாசிப்போர் பொறுத்தருள வேண்டும். ஈப்போவில் அஸ்வான் அவர்களின் கணினிக் கடையில் அவரும் என் அப்பா யேசுதாசனும் பேசியவற்றை, அருகிலிருந்து கேட்டபடியே கீழே தருகிறேன். இடையிடையே பேசும் வலேரி நான்தான்.

— எட்டு கோர் வேணாம் அங்கிள். உங்க பவர் சப்ளை தாங்காது. ஆறு கோர் போதும் லா.

— நான் சும்மா கேக்குறேன் தம்பி. என் மகன் நைஜல் வெளையாடுற கேமுக்கு ஆறு பத்துமா?

— தாராளமா பத்தும். இப்ப உள்ள இருக்கறது நாலு, அதுவும் பழசு. அதனாலதான் படம் நின்னு நின்னு வருது. ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன், உங்க கிராபிக்ஸ் கார்டும் பழசு. பறக்கும்னு நெனைக்காதீங்க.

— பறக்க வேணாம். நிக்காம ஓடுனா போதும். ஈஸ்டருக்கு மகன் நாலு நாள் லீவுல வந்தான். வெளையாட உக்காந்தான், ரெண்டு தடவ அப்படியே நின்னுருச்சு. புரோசஸர்தான் மூச்சு வாங்குதுன்னு இவகிட்ட சொன்னான். மறுநாளே ஜொகூர் பஸ் ஏறிட்டான்.

— இதுக்காகவா போனாரு?

— அவன் எங்கிட்டப் பேசுறதில்ல தம்பி. வீட்டுல அவன் உக்கார்ற எடம் அந்த நாற்காலி ஒன்னுதான். அதுவும் ரோசாக், கெட்டுப்போச்சுன்னா எதுக்கு இருப்பான்?

— அப்பா, அண்ணன் கோவத்துல போகல.

— கோவம்தான் வலேரி. அம்மா அடக்கத்தன்னிக்கு அவன் பஸ் தாப்பாகிட்ட ஜேம்ல மாட்டிக்கிச்சு. இன்னும் அரை மணி நேரம் இருங்கப்பான்னு போன்ல கெஞ்சுனான். பாதர் காத்திருக்காரு, மழ வருதுன்னு நான்தான் பெட்டிய மூடச் சொன்னேன். அவ மொகத்த அவன் பாக்கல. பதினோரு மாசமாச்சு.

— சரி அங்கிள், விடுங்க. இந்தத் தடவ எப்ப வாராரு?

— சனிக்கிழம வந்தாலும் வருவேன்னு இவகிட்ட சொல்லியிருக்கான். அதுக்குள்ள முடியுமா?

— இன்னிக்கே முடியும். போர்டு அதேதான், ராம் அதேதான். மாத்துறதுக்கு முன்னாடி டிஸ்க்குல உள்ளத ஒரு காப்பி மட்டும் எடுத்துக்குறேன்.

— வேணாம். அதத் தொடாதீங்க.

— ஒரு மணி நேரம்தான் அங்கிள். எல்லார்கிட்டயும் கேட்டுட்டு எடுக்கறதுதான்.

— அதுல எல்ஸி இருக்கா தம்பி. என் வீட்டுக்காரி. நைஜல் வெளையாடுறதப் பதிவு பண்ணி வச்சிருக்கான். அவன் மைக்குல அவ குரலும் விழுந்திருக்கு. சோறு ஆறுதுடாங்குறா. யாரடா சுடுற, வந்து கருவாட்டச் சுடுடாங்குறா. போன்ல பேசவே கூச்சப்படுவா, வேற எதுலயும் அவ குரல் இல்ல. ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு வந்து கேப்பேன். கடையில நாலு பேரு முன்னாடி அது ஓட வேணாம்.

— புரியுது அங்கிள். டிஸ்க்குல கையே வைக்கமாட்டேன். புரோசஸர் மட்டும்தான்.

— அது போதும். நானும் எஸ்டேட் ரப்பர் பேக்டரியில பிட்டரா இருந்தவன்தான். ரோலர மாத்துனா மோட்டாருக்கு என்ன ஆகப் போவுது?

— அதேதான். எதிர்க்கடையில தே தாரிக் நல்லாருக்கும். தங்கச்சியக் கூட்டிட்டுப் போய் குடிச்சிட்டு வாங்க.

— நாங்க வந்துட்டோம் அஸ்வான் அண்ணே. முடிஞ்சிருச்சா?

— உக்காருங்க தங்கச்சி. மாட்டியாச்சு. பாருங்க அங்கிள், பேன் சத்தமே இல்ல.

— கறுப்புத் திரையில என்னமோ கேக்குதே தம்பி?

— புது புரோசஸர் போட்டா கேக்கும். பழைய சாவிய அழிச்சிடவான்னு. ஒய் அமுக்கணும். அவ்ளோதான், அமுக்கியாச்சு.

— நான் சும்மா கேக்குறேன். எந்தச் சாவி?

— டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருந்தா அதோட சாவி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போடுவாங்க. கேம் வெளையாடறதுக்கு யாரு போடுவா?

— இப்ப நீலமா வந்து நிக்குது.

— இருங்க.

— அண்ணே, திரையில நாப்பத்தெட்டு இலக்க நம்பர் கேக்குதா?

— ஆமா தங்கச்சி. உங்க அண்ணன் பூட்டு போட்டிருக்காரு.

— எங்க தாமான் வீடுங்கள்ல ஒருதடவ திருடன் பூந்தான். அப்புறம் அண்ணன் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாரு.

— பழச மறுபடி மாட்டிடுங்க தம்பி. அது ஓடுன வரைக்கும் ஓடட்டும்.

— மாட்டினாலும் தொறக்காது அங்கிள். அமுக்குறதுக்கு முன்னாடின்னா தொறந்திருக்கும். நான் கேட்டிருக்கணும். என் தப்பு.

— டிஸ்க்க நீங்க தொடவே இல்லையே.

— தொடல. எல்லாம் உள்ளயேதான் இருக்கு. அந்த நம்பர் இல்லாம தொறக்கத்தான் முடியாது.

— அவளும்?

— அவங்களும்தான் அங்கிள். ஆனா ஒன்னு, பூட்டு போடும்போதே அந்த நம்பரக் காட்டியிருக்கும். எங்கயாவது எழுதி வச்சிருப்பாரு. தங்கச்சி, அண்ணனுக்கு ஒரு போன் அடிங்க.

— அண்ணே, நான் வலேரி. அப்பா உன் பிசிக்குப் புது புரோசஸர் போட்டுட்டாரு. ஆமா, அப்பாதான். இப்ப அது நாப்பத்தெட்டு இலக்க நம்பர் கேக்குது, எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?

— என்னா சொல்றான்?

— சிரிக்கிறாருப்பா. அப்பாவா பண்ணாருன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. சனிக்கிழம கண்டிப்பா வாரேங்குறாரு.

— நம்பரக் கேளு.

— இருக்காம்ப்பா. பத்திரமா இருக்காம். அண்ணன் வாசிக்க வாசிக்க அம்மாதான் எழுதுனாங்களாம்.

— அல்ஹம்துலில்லாஹ். எங்க இருக்காம் தங்கச்சி?

— அம்மா எல்லாத்தையும் எழுதுற எடத்துலதானாம். தண்ணி பில் நம்பரு, எங்க ஞானஸ்நானத் தேதியெல்லாம் இருக்குமே, அங்க. அம்மா பைபிள், கடைசிப் பக்கம்.

— அப்புறம் என்ன அங்கிள், பொழச்சோம். வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தப் படம் எடுத்து அனுப்புங்க. நான் தட்டிடுறேன்.

— போன வை, வலேரி.

— அண்ணன் லைன்ல இருக்காருப்பா. பைபிள எடுத்துட்டீங்களான்னு கேக்குறாரு.

— அவனுக்குத் தெரியாது. பெட்டி மூடுன பெறகுதான வந்தான். அந்த பைபிள அவ கையில வச்சு மூடச் சொன்னது நான்தான்.

இழந்தவை: நாற்பத்தெட்டு இலக்கங்கள், அம்மாவின் குரல் விழுந்த இருபத்திரண்டு பதிவுகள், வருவதாக அண்ணன் சொல்லியிருந்த ஒரு சனிக்கிழமை. வேறு டிஸ்க்கில் புதிய புரோசஸர் நிற்காமல் ஓடுகிறது.