செத்த கை விட்டுவிடும் என்று நம்பினார்கள்

விடியற்காலை ஐந்து மணி. ரயில் அருங்காட்சியகத்துக்குப் பின்னால், பணிமனைக்குப் போகிற சாலை. ஒரு நாய்கூட இல்லை. இருந்தால் துரத்திக்கொண்டாவது ஒரு துணை வந்திருக்கும்...

அந்தச் சாலையில் நடந்துபோனவள் என் நண்பனின் சித்தி. மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவள். விளக்கை யாரும் அணைக்காதீர்கள்.

அன்று பழைய மின்சார ரயில் வண்டிகளின் அணிவகுப்பு. எல்லாம் ஓடத் தயார், ஒரு பச்சை வண்டியைத் தவிர. ஒத்திகையில் யார் ஓட்டினாலும் அது வளைவில் போய் நின்றது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நின்றது.

"இன்னிக்கும் நின்னுச்சுன்னா வெட்டி இரும்புக்குப் போட்டுடுவோம்மா" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அது சித்தியின் அப்பா ஓட்டிய வண்டி. அவர் உயிர் போனதும் அதில்தான். ஓட்டும் பிடியின் தலையில் ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். ஓட்டுநர்கள் அதை 'டெட்மேன்' என்பார்கள். செத்த கை விட்டுவிடும் என்ற நம்பிக்கையில் செய்த பொறி. அப்பா சாய்ந்தார். குமிழ் எழும்பியது. வண்டி நின்றது, பயணிகள் பிழைத்தார்கள்... அதே வளைவில்.

அணிவகுப்புக்கு முன்னால் கடைசி ஒத்திகை. சித்தி ஏறினாள். கருகிய தூசி வாடை. அதற்கடியில், லேசாக... கிராம்பு. அப்பாவுக்கு ஓயாத பல்வலி. கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார்.

குமிழை அமுக்கினாள். வண்டி முனகி நகர்ந்தது. டடக்... டடக்... வளைவு வந்தது. அவள் விரல்களுக்கு அடியில் ஏதோ நுழைந்தது. சில்லென்று. ஒவ்வொரு விரலாக நெம்பியது.

சின்ன வயதில் அவள் அந்தப் பிடியைத் தொட்டபோதெல்லாம் அப்பா அப்படித்தான் நெம்பி எடுப்பார். "கையை எடு கழுதை, இது விளையாட்டுச் சாமான் இல்ல!"

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். நான் ஏறியே இருக்க மாட்டேன். சித்திக்கு வந்ததோ கோபம்.

"ஆயுசு பூரா வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேம்ப்பா! இன்னுமா கழுதை? இது நின்னா வெட்டிப் போட்டுடுவாங்க. அப்புறம் எங்க போய் உக்காருவீங்க? ஓட்டணும்னா ஓட்டுங்க. இல்லேன்னா என்னை விடுங்க. நிறுத்துற வேலை மட்டும் வேணாம்!"

பதிலுக்கு... கடுக். கிராம்பைக் கடிக்கிற சத்தம். காதோரமாக.

வண்டி வளைவைத் தாண்டியது.

அணிவகுப்பில் ஒரே கூட்டம், கைதட்டல். பச்சை வண்டி வளைவைத் தாண்டும்போது சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தாள். எந்த ஓட்டுநரும் செய்யக் கூடாத தப்பு. எடுத்த பிறகுதான் உறைத்தது.

வண்டி நிற்கவில்லை. குமிழ் அமுங்கியே இருந்தது.

வண்டியை வெட்டவில்லை. இந்த வருஷமும் அணிவகுப்பில் வந்தது. சித்திதான் ஓட்டினாள்... ஓட்டினாள் என்றா சொல்வது? கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலாளர் வண்டியோடு கூடவே ஓடிவந்து கத்தினார்.

"அம்மா! பிடியைப் பிடிங்கம்மா!"

சித்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க... அவர் விட்டாத்தானே!"