புரட்டாசி முழுநிலவும் நம் சந்துக் கதவும்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் வேலாயுதம் ஐயா அவர்களே, தீர்மானத்தை எழுதிக் கையோடு வைத்திருக்கும் செயலாளர் ஏகாம்பரம் அவர்களே, நம் காஜா பேராங் ஊரின் கண்ணியம் காக்கும் பெரியோர்களே, தெங்கேராவிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் என் தாய்மார்களே, பாயில் இடமின்றிப் படியில் நிற்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் இந்தக் காமாட்சியின் வணக்கம்.

இன்று புரட்டாசிச் சனி. இன்றே முழுநிலவு. மாலை ஆறு மணிக்கு நம் பஜனை. அதே வேளையில் நம் சந்து வழியே சீனர்களின் நிலா விழா விளக்கு ஊர்வலம். கறி தொடாத மாதத்தில் பன்றிக் கொழுப்பு விட்ட நிலாப் பலகாரம் நம் வாசலைக் கடக்கலாமா, சந்துக் கதவைச் சாத்திவிடுவோம் என்கிறது செயலாளரின் தீர்மானம். சாத்தாதீர்கள் என்று கேட்கவே நான் மேடை ஏறினேன்.

யாருடைய விழா இது? சீனருக்கு மட்டுமா சொந்தம்? என் கொழுந்தனார் கப்பல் சமையல்காரர். சைகோன், பூசான், கோபே என்று போனவர். துறைமுகம் துறைமுகமாக அவர் போட்ட கடிதங்களை, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். கேளுங்கள்! அன்னாம் நாட்டிலே இதே நிலவுக்குப் பிள்ளைகள் மீன் வடிவில் விளக்குச் செய்து மேளம் தட்டி வருகிறார்களாம். கொரியாவிலே புதுநெல் அரிசி மாவைப் பிறைபோலப் பிடித்து, பைன் மரத்து ஊசியிலை பரப்பி அவித்து, முன்னோர் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்களாம். மகாளய அமாவாசைக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு அது அந்நியமா? ஜப்பானிலே நாணல் பூவை ஜாடியில் நிறுத்தி, அரிசி உருண்டைகளைக் கோபுரமாய் அடுக்கி நிலவுக்குக் காட்டுகிறார்களாம்.

படியில் நிற்கும் பத்மினி, என்ன? நிலா எப்போது இறங்கி வந்து தின்னும் என்கிறாயா? அதற்குள் அண்டை வீட்டுப் பிள்ளைகள் குச்சியால் குத்தித் தூக்கிவிடுவார்களாம். வீட்டார் ஏசமாட்டார்களாம், திருட்டுப் போனால்தான் நல்லதாம்!

தையில் நாம் பொங்குகிறோம். புரட்டாசியில் அவர்கள் அவிக்கிறார்கள். பானை வேறு, பருவம் வேறு, பாட்டு வேறு. பசியாற்றிய மண்ணுக்குச் சொல்லும் நன்றியும் வேறா?

செயலாளர் குறுக்கே கேட்கிறார், "அது சரிம்மா, பன்றிக் கொழுப்பை என்ன செய்றது?" என்று. அதற்குத்தான் வருகிறேன்.

என் பக்கத்து வீட்டு நியோன்யா, மலாய் பேசும் சீன வீட்டுப் பெண், கிம் நியோ. முப்பது வருடமாக எங்களுக்குச் சுவரும் ஒன்று, கிணறும் ஒன்று. சென்ற வருடம் இதே நாளில் நிலாப் பலகாரத்தைத் தட்டோடு நீட்டினாள். விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அன்று முதல் நான் கிணற்றடிக்கு வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். ஒரு நாளா, இரு நாளா? தை பிறக்கும் வரை! பொங்கலன்று சுவருக்கு அப்பாலிருந்து மலாயில் கேட்டாள்:

"காமாட்சி, நீ தள்ளினது என் எண்ணெயையா, என் கையையா?"

எண்ணெயைத்தான் என்றேன். அழுதேன்.

"மடச்சி, அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? எண்ணெயை மாத்திடலாம். கையை எங்க போய் மாத்துவேன்?"

தாய்மார்களே, மாற்றிவிட்டாள்! புது அச்சு வாங்கி, கடலை எண்ணெய் விட்டு மாவு பிசைந்து, பாசிப்பயற்றுப் பூரணம் வைத்து, நாற்பது பலகாரம் சுட்டிருக்கிறாள். கொழுப்பில்லாத பலகாரத்தைப் பார்த்தால் நிலாவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவளுடைய மாமியார் காலை முழுக்க முணுமுணுத்தாராம். அதையும் பொறுத்துக்கொண்டு, நமக்காக, இந்தச் சபைக்காகச் சுட்டாள். நம் வாசலில் மேளம் சற்று ஓயட்டும் என்று தன் ஆட்களிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டாள். ஊர்வலத்தின் முன்னே தட்டேந்தி வரப்போகிறவள் அவளே. வந்தவள் சாத்திய கதவைக் கண்டால் என்ன நினைப்பாள்? எண்ணெயை மாற்றியும் வழியில்லை என்றால், நாம் தள்ளியது எதை?

பஜனையை நிறுத்தச் சொல்லவில்லை நான். பாடுவோம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பாடுவோம்!

திறந்திருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். முன்வரிசை தூக்கிவிட்டது. தெங்கேராத் தாய்மார்களே, ஆளுக்கு ஒரு கை போதும். ஏகாம்பரம் அவர்களே, தீர்மானத்தை மடித்துப் பைக்குள் வைக்கும் அந்தக் கையைக் கொஞ்சம் மேலே... வந்துவிட்டது!

இடம் தந்த தலைவருக்கும் செவி தந்த சபைக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அதோ, மேளம் கேட்கிறது. நான் இறங்குகிறேன். முதல் துண்டு எனக்கு. வணக்கம்.